ஹில், மார்ட்டின் அண்ட் ராபின்சன்

ஹில், மார்ட்டின் அண்ட் ராபின்சன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் இயங்கிய ஒரு வழக்கறிஞர் நிறுவனம் ஆகும். 1940களின் முற்பகுதியில் ஆலிவர் ஹில், மார்ட்டின் ஏ. மார்ட்டின், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய மூன்று ஆபிரிக்க அமெரிக்க வழக்கறிஞர்கள் இதில் பங்காளிகளாக இணைந்தனர். ஒப்பந்தம் எழுதுதல், நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்குதல் போன்ற பணிகளைவிட, நீதிமன்றத்தில் வழக்காடுவதே இவர்களின் முதன்மைத் தொழிலாக இருந்தது. பள்ளிகளில் நிலவிய இனப்பிரிப்பை எதிர்த்து இவர்கள் தொடுத்த டேவிஸ் வழக்கு, 1954இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்றாகும்.

இந்நிறுவனம் நியூயார்க்கிலோ வாசிங்டனிலோ கிளை வைத்திருக்கவில்லை. ஒரே மாநிலத்துக்குள், பெரும்பாலும் சிற்றூர்களைச் சேர்ந்த கட்சிக்காரர்களுக்காகவே இது வழக்காடியது. இத்தனை சிறிய நிறுவனம் ஒரு மாநில அரசையே எதிர்த்துப் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எவ்வாறு என்பது சட்ட வரலாற்றில் தொடர்ந்து ஆராயப்படும் கேள்வியாகும்.

பின்னணி

1896ஆம் ஆண்டின் பிளெசி எதிர் பெர்குசன் தீர்ப்பில், வசதிகள் சமமாக இருக்கும் வரை இனவாரியாக மக்களைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இது 'பிரிந்திருப்பினும் சமம்' என்ற கோட்பாடாக அறியப்பட்டது. வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது. அதே அரசியலமைப்பு வாக்குவரி முதலிய தடைகளால் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையையும் பறித்தது. எனவே சட்டமன்றத்தின் வழியாகத் தீர்வு காணும் வாய்ப்பு அவர்களுக்கு நடைமுறையில் இல்லை. எஞ்சியிருந்த வழி நீதிமன்றம் மட்டுமே.

ஆனால் வழக்காட வழக்கறிஞர் வேண்டுமே! வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற, ஆனால் பரப்பில் சிறிய நிர்வாகப் பிரிவு) ஒரு கறுப்பின வழக்கறிஞர்கூட இல்லை. வெள்ளையின வழக்கறிஞர்கள் இத்தகைய வழக்குகளை ஏற்கப் பெரும்பாலும் முன்வரவில்லை.

இக்குறையைத் தீர்க்கத் திட்டமிட்டுச் செயற்பட்ட இடம் வாசிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி ஆகும். அதன் துணை முதல்வராக 1929 முதல் 1935 வரை இருந்த சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன், கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடும் ஒரு தலைமுறையைப் பயிற்றுவிப்பதையே தம் குறிக்கோளாகக் கொண்டிருந்தார். 1933ஆம் ஆண்டு வகுப்பில் முதலிடம் பெற்றவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்சல். இரண்டாமிடம் பெற்றவர் ஆலிவர் ஹில்.

பங்காளிகள்

ஆலிவர் ஹில் 1907 மே 1 அன்று ரிச்மண்டில் பிறந்தவர். 1934இல் ரோனோக் நகரில் தொழிலைத் தொடங்கினார். அங்கு போதிய வருமானம் கிடைக்காததால் விலகி, 1939இல் ரிச்மண்டில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார். நிறுவனத்தின் முகமாக அறியப்பட்டவர் இவரே. ஊர்க் கூட்டங்களில் பேசுவது, பெற்றோரைச் சந்திப்பது, பள்ளி வாரியத்தினருடன் பேச்சு நடத்துவது ஆகியன இவர் பொறுப்பில் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1945 வரை இராணுவத்தில் பணியாற்றினார். 1948இல் ரிச்மண்ட் நகர அவைக்குத் தெரிவானார். அடிமை ஒழிப்புக்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலத்துக்கு அடுத்து, அந்த அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் (1916–1998) 1939இல் ஹவார்ட் சட்டப் பள்ளியில் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளராகவும் பணியாற்றியவர். மனுக்களையும் சட்ட வாதங்களையும் எழுதுவதில் இவருக்கிருந்த துல்லியம் பெயர் பெற்றது. ஒரு சொல்லைக்கூட விட்டுவைக்காமல் பலமுறை திருத்துவார் என்பர். ஹில்லின் கூட்டப் பேச்சும் ராபின்சனின் எழுத்தும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

மார்ட்டின் ஏ. மார்ட்டின் டான்வில் நகரைச் சேர்ந்தவர். குற்றவியல் வழக்குகளில் தேர்ந்தவர். மற்ற இருவரைக் காட்டிலும் இவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. எனினும், நிறுவனம் நடத்திய வழக்குகளுள் மிகத் துயரமானதில் முன்னின்றவர் இவரே; அது கீழே கூறப்பட்டுள்ளது.

நிறுவனத்தின் அலுவலகம் ரிச்மண்டின் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஜாக்சன் வார்டு பகுதியில் அமைந்திருந்தது. குடிமை உரிமை வழக்குகள் பலவற்றில் இவர்கள், என்.ஏ.ஏ.சி.பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிறமுள்ள மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் சார்பில் செயற்பட்டனர். நியூயார்க்கில் மார்சல் தலைமையில் இயங்கிய அச்சங்கத்தின் சட்டப் பிரிவு மேல்முறையீடுகளில் துணை நின்றது; களத்தில் வழக்கைத் தொடங்கி, சாட்சியத்தைத் திரட்டி, முதல் நீதிமன்றத்தில் நடத்தியவர்கள் ரிச்மண்ட் வழக்கறிஞர்கள்.

தொடக்க வழக்குகள்

நிறுவனம் உருவாவதற்கு முன்பே ஹில் பங்கேற்ற ஆல்ஸ்டன் எதிர் நார்போக் பள்ளி வாரியம் வழக்கு (1940) பின்னர் நடந்தவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது. நார்போக் நகரில் மெல்வின் ஆல்ஸ்டன் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 921 டாலர். அதே தகுதியும் அதே பணியும் உடைய வெள்ளையின ஆசிரியருக்கு 1,200 டாலர். இவ்வேறுபாடு வாரியத்தின் சம்பளப் பட்டியலிலேயே அச்சாகியிருந்தது. இனத்தை மட்டும் காரணமாகக் கொண்ட சம்பள வேறுபாடு 14ஆம் திருத்தத்துக்கு முரணானது என நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு முன்னர் இதே கோரிக்கையுடன் வழக்குத் தொடுத்த அலைன் பிளாக் என்ற ஆசிரியையின் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதனால் அவ்வழக்கும் நின்றுபோனது. வாதியாகப் பெயர் கொடுப்பவர் வேலையை இழக்கக்கூடும் என்பது தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

அடுத்து வந்தது ஐரீன் மார்கன் வழக்கு. 1944 ஜூலையில் வர்ஜீனியாவின் குளோஸ்டர் கவுண்டியிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த மார்கன், வெள்ளையருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்ததால் கைது செய்யப்பட்டார். இவ்வழக்கை வர்ஜீனிய நீதிமன்றங்களில் நடத்தியவர் ராபின்சன். இனச் சமத்துவத்தை முன்வைத்து வாதிட்டால் பிளெசி தீர்ப்பு குறுக்கே நிற்கும் என்பதை உணர்ந்து, அவர் வேறொரு வாயிலைத் தேர்ந்தெடுத்தார். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசுக்கே உரியது. எல்லை கடக்கும் பேருந்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி இருக்கை விதி வகுத்தால் போக்குவரத்து குலையும் என்பது அவ்வாதம். வர்ஜீனிய நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. ஆனால் 1946 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற பெரும்பான்மையில் மார்கனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கு வாதிட்டவர்கள் மார்சலும் வில்லியம் ஹேஸ்டியும் எனினும், வாதம் கீழ் நீதிமன்றத்திலேயே பதிவாகியிருந்ததால்தான் மேலே எடுத்துச் செல்ல முடிந்தது. கீழே எழுப்பாத வாதத்தை மேல்முறையீட்டில் புதிதாக எழுப்புவது பொதுவாக இயலாது.

சம வசதி வழக்குகள்

1940களின் பிற்பகுதியில் நிறுவனம் கவுண்டி கவுண்டியாகப் பள்ளி வழக்குகளைத் தொடுத்தது. அப்போது கோரியது இனப்பிரிப்பின் ஒழிப்பை அல்ல. 'பிரிந்திருப்பினும் சமம்' என்பதிலுள்ள 'சமம்' என்ற சொல்லை நிறைவேற்றுவதையே.

இவ்வழக்குகள் நடந்த விதம் பொறியியல் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒன்று: முதலில் அளந்து பார்த்தல். வழக்கறிஞர்கள் இரு பள்ளிகளுக்கும் சென்று கட்டடம், ஆய்வுக்கூடம், நூலகம், கழிப்பறை, பேருந்து, கற்பிக்கப்படும் பாடங்கள், ஆசிரியர் சம்பளம் என ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தனர். அப்பட்டியல் நீதிமன்றத்தில் சான்றாவணமாக வைக்கப்பட்டது. எண்களை மறுக்க எதிர்த்தரப்பால் இயலவில்லை. 1948இல் குளோஸ்டர், கிங் ஜார்ஜ் உள்ளிட்ட கவுண்டிகளில் நடுவண் மாவட்ட நீதிபதி ஸ்டெர்லிங் ஹட்சசன் இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தீர்ப்பை நிறைவேற்றாத குளோஸ்டர் அதிகாரிகள் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாயினர்.

கிங் ஜார்ஜ் கவுண்டி கண்டுபிடித்த 'தீர்வு' குறிப்பிடத்தக்கது. கறுப்பினப் பள்ளியில் இல்லாத அறிவியல் பாடங்களை அங்கு தொடங்குவதற்குப் பதிலாக, வெள்ளையர் பள்ளியில் இருந்த அப்பாடங்களை நிறுத்திவிட்டது! இரு பள்ளிகளும் சமமாகிவிட்டன என்பது அதன் வாதம். தன் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தேனும் பிரிவினையைக் காக்க ஒரு நிர்வாகம் துணியும் என்றால், சம வசதி கோரும் வழக்குகள் எத்தனை வென்றாலும் பயன் சிறிதே. மேலும் வர்ஜீனியாவில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே வழக்காட மூன்று வழக்கறிஞர்களால் இயலாது. 1950இல் உயர்கல்வி தொடர்பான இரு வழக்குகளில் (சுவெட், மெக்லாரின்) உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தொடர்ந்து, இனப்பிரிப்பையே நேரடியாக எதிர்ப்பது என என்.ஏ.ஏ.சி.பி முடிவெடுத்தது.

மார்ட்டின்ஸ்வில் எழுவர்

1949 ஜனவரியில் மார்ட்டின்ஸ்வில் நகரில் ஒரு வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்த குற்றத்துக்காக ஏழு கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். வெள்ளையின ஆண்களை மட்டுமே கொண்ட சான்றாயங்கள் எழுவருக்கும் மரண தண்டனை விதித்தன. மேல்முறையீடுகளை மார்ட்டின் தலைமையில் நிறுவனம் நடத்தியது.

இவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட வாதம் அக்காலத்துக்குப் புதியது. வர்ஜீனியாவில் மின்சார நாற்காலி 1908இல் பயன்பாட்டுக்கு வந்தது முதல், வன்புணர்வுக் குற்றத்துக்காக 45 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டிருந்தனர்; அதே குற்றத்துக்காக ஒரு வெள்ளையர்கூடக் கொல்லப்படவில்லை. சட்டத்தின் சொற்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தாலும், அது பயன்படுத்தப்படும் விதம் சமமற்றது என்பதை இப்புள்ளிவிவரம் காட்டுவதாக வழக்கறிஞர்கள் வாதிட்டனர். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை; உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. 1951 பிப்ரவரி 2 அன்று நால்வரும் பிப்ரவரி 5 அன்று மூவரும் கொல்லப்பட்டனர். எழுபது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டு 31 அன்று வர்ஜீனிய ஆளுநர் ரால்ப் நார்தம் எழுவருக்கும் இறப்புக்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கினார். நியாயமான விசாரணை நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

டேவிஸ் வழக்கு

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் பார்ம்வில் நகரில் கறுப்பின மாணவருக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் 180 மாணவருக்கெனக் கட்டப்பட்டது. 1950 அளவில் அங்கு 450க்கு மேற்பட்டோர் பயின்றனர். கூடுதல் மாணவருக்காகத் தார்த்தாள் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகள் எழுப்பப்பட்டன. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜோன்ஸ் என்ற 16 வயது மாணவி தலைமையில் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்து வெளிநடப்புச் செய்தனர். உதவி கோரி ஹில்லுக்கும் ராபின்சனுக்கும் கடிதம் எழுதினர்.

புலாஸ்கி கவுண்டி வழக்குத் தொடர்பாக அவ்வழியே செல்லவிருந்த இருவரும் ஏப்ரல் 25 அன்று பார்ம்வில்லில் உள்ள தேவாலயத்தில் மாணவர்களைச் சந்தித்தனர். பள்ளிக்குத் திரும்புமாறு அறிவுரை கூறுவதே அவர்களின் முதல் எண்ணம். ஊர்ப்புறமான பிரின்ஸ் எட்வர்ட், இத்தகைய வழக்குக்கு ஏற்ற இடமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் மாணவர்களின் உறுதியும் ஒழுங்கும் அவர்கள் மனத்தை மாற்றின. இரு நிபந்தனைகளை அவர்கள் விதித்தனர்: பெற்றோரின் ஆதரவு வேண்டும், நல்ல கட்டடம் கோராமல், இனப்பிரிப்பின் முடிவையே கோர வேண்டும். போதகர் பிரான்சிஸ் கிரிபின் பெற்றோரைத் திரட்டினார்.

1951 மே 23 அன்று 117 மாணவர்களின் சார்பில் வழக்கு தாக்கல் செய்யப்பட்டது. பட்டியலில் முதலில் இருந்த டோரதி டேவிஸ் என்ற 14 வயது மாணவியின் பெயரே வழக்கின் பெயராயிற்று. மாநிலச் சட்டமொன்றின் அரசியலமைப்புச் செல்லுபடியை எதிர்த்ததால், அக்கால விதிப்படி மூன்று நடுவண் நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை விசாரித்தது. அத்தகைய அமர்வின் தீர்ப்பிலிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லலாம். வழக்கைத் தொடுக்கும்போதே இந்தப் பாதை வழக்கறிஞர்களின் கணக்கில் இருந்தது.

எதிர்த்தரப்பில் மாநிலத் தலைமை வழக்கறிஞருடன், ரிச்மண்டின் பெரிய நிறுவனமான ஹன்டன் வில்லியம்சைச் சேர்ந்த ஜஸ்டின் மூர் வாதிட்டார். 1952 பிப்ரவரியில் ஐந்து நாள் நடந்த விசாரணையில் உளவியலாளர் கென்னத் கிளார்க்கை மூர் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்தார். மாநிலத்தின் சாட்சியாக வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி காரெட். அவருக்கு மறுமொழியாகச் சாட்சியமளித்தவர் கென்னத்தின் மனைவி மேமி கிளார்க். மேமியின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அதே காரெட்தான்!

1952 மார்ச்சில் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக மாணவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். வசதிகளைச் சமமாக்க மட்டும் உத்தரவிட்டனர். மேல்முறையீடு நிலுவையிலிருந்த 1953இலேயே கவுண்டி நிர்வாகம் புதிய மோட்டன் பள்ளியைக் கட்டி முடித்தது. கட்டடத்தை மட்டும் கேட்டிருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். நிபந்தனையின் முக்கியத்துவம் இங்குதான் விளங்குகிறது.

உச்ச நீதிமன்றத்தில் 1952 டிசம்பரிலும் மறுவாதத்தின்போது 1953 டிசம்பரிலும் ராபின்சன் வாதிட்டார். 1954 மே 17 அன்று, பொதுக் கல்வியில் 'பிரிந்திருப்பினும் சமம்' என்ற கோட்பாட்டுக்கு இடமில்லை என நீதிமன்றம் ஒருமனதாக அறிவித்தது. இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் மாணவர் போராட்டத்திலிருந்து பிறந்தது டேவிஸ் வழக்கு ஒன்றே.

மாநிலத்தின் எதிர்ப்பு

தீர்ப்பை ஏற்க வர்ஜீனிய அரசியல் தலைமை மறுத்தது. செனட்டர் ஹாரி பேர்டு 1956இல் 'பெருந்திரள் எதிர்ப்பு' என்ற கொள்கையை அறிவித்தார். அவ்வாண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்களுள் ஒன்று, இனங்கள் இணையும் பள்ளியை மூடும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்தது. 1958இல் வாரன் கவுண்டி, சார்லட்ஸ்வில், நார்போக் ஆகிய இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. 1959 ஜனவரி 19 அன்று வர்ஜீனிய உச்ச நீதிமன்றமும் நடுவண் நீதிமன்றமும் ஒரே நாளில் இம்மூடல்களைச் செல்லாதவை என அறிவித்தன.

மற்றொரு தொகுதிச் சட்டங்களின் இலக்கு வழக்கறிஞர்களே. வழக்கைத் தூண்டுதல், பிறர் வழக்குக்குப் பணம் கொடுத்து நடத்துதல் ஆகியன பொதுச் சட்டத்தில் பழங்காலம் முதல் குற்றங்கள். இவற்றின் வரையறையை விரிவாக்கி, என்.ஏ.ஏ.சி.பி வழக்கறிஞரை அனுப்புவதையே குற்றமாக்கச் சட்டமன்றம் முயன்றது. கட்சிக்காரர் தாமே வந்தாரா, கட்டணம் கொடுத்தவர் யார் என்றெல்லாம் சட்டமன்றக் குழுக்கள் துருவின. எம்போரியா நகரைச் சேர்ந்த சாமுவேல் டக்கர் என்ற வழக்கறிஞரின் உரிமத்தைப் பறிக்கவும் முயற்சி நடந்தது, அது பலிக்கவில்லை. ஹில்லின் வீட்டின் முன் சிலுவை எரிக்கப்பட்டது. மிரட்டல் அழைப்புகள் வந்தவண்ணம் இருந்ததால் அவருடைய மகன் தொலைபேசியை எடுக்க அனுமதிக்கப்படவில்லை.

1963இல் என்.ஏ.ஏ.சி.பி எதிர் பட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் இச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. வாக்குப்பெட்டியால் தம் நோக்கத்தை அடைய இயலாத ஒரு சிறுபான்மைக்கு வழக்காடுதல் என்பது பொருள் ஈட்டும் தகராறு அல்ல, அரசியல் கருத்து வெளிப்பாட்டின் வடிவம். எனவே அது முதலாம் திருத்தத்தின் பாதுகாப்புக்குரியது என்பது தீர்ப்பின் சாரம். பொதுநல வழக்குகளை நடத்தும் அமைப்புகளுக்கு அந்நாட்டில் இன்றும் அரணாக இருப்பது இத்தீர்ப்பே.

பிரின்ஸ் எட்வர்டின் நிலை மோசமாயிற்று. இணைப்பு உத்தரவைத் தவிர்க்க, அக்கவுண்டி 1959இல் தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லாமற் போனது. சிலர் வேறு ஊர்களிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டனர். பலர் படிப்பையே இழந்தனர். 1964 மே மாதம் கிரிபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைத் திறக்கச் செய்யும் வரை இந்நிலை ஐந்தாண்டுகள் நீடித்தது. வழக்கை வென்ற ஊரின் பிள்ளைகளே அதன் விலையைக் கொடுத்தனர். அவர்களுக்கான கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை வர்ஜீனியா 2004இல்தான் ஏற்படுத்தியது.

நிறுவனத்தின் வலிமைகள்

ஹன்டன் வில்லியம்ஸ் போன்ற நிறுவனத்துடன் ஒப்பிட ஆள் பலமோ பண பலமோ இவர்களிடம் இல்லை. இருந்தவை வேறு. முதலாவது, நீதிமன்றத் தேர்வு. மாநில நீதிபதிகள் வர்ஜீனியச் சட்டமன்றத்தால் தெரிவு செய்யப்படுவோர். ஆகவே பேர்டின் அரசியல் அமைப்பின் செல்வாக்கு அங்கு மிகுதி. நடுவண் நீதிபதிகளுக்கோ வாழ்நாள் பதவி. இயன்றபோதெல்லாம் இவர்கள் நடுவண் நீதிமன்றத்தையே நாடினர். நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிச்மண்டிலேயே அமைந்திருந்ததும் வசதியாயிற்று. எந்த நீதிபதி எவ்வகைச் சான்றை மதிப்பார் என்பதை ஆண்டுக்கணக்கில் பழகி அறிந்திருந்தனர். ஹட்சசன் அளவிடக்கூடிய சமமின்மையைக் கண்டால் உத்தரவிடுவார். இனப்பிரிப்பையே நீக்க உத்தரவிடமாட்டார் என்பது டேவிஸ் வழக்கில் உறுதிப்பட்டது.

எல்லாவற்றிலும் முதன்மையானதாகக் கருதத்தக்கது, கட்சிக்காரருடனான தொடர்பு. பெயர் கொடுத்த பெற்றோர் வேலையையோ கடன் வசதியையோ குத்தகை நிலத்தையோ இழக்கும் ஆபத்து இருந்தது. தொலைவிலுள்ள பெருநகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்து கேட்டால் அவர்கள் கையொப்பமிட்டிருப்பார்களா என்பது ஐயமே. தேவாலயக் கூட்டங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஹில் பல ஆண்டுகள் சென்று வந்ததன் பயன் அந்த 117 பெயர்களில் தெரிகிறது.

வருவாய் நிறுவனத்தின் பலவீனமாகவே இருந்தது. விபத்து இழப்பீடு, சொத்து, குற்றவியல் முதலிய வழக்கமான வழக்குகளின் வருமானமே உரிமை வழக்குகளைத் தாங்கியது. வென்ற வாதியின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்ற பள்ளி வாரியம் செலுத்த வேண்டும் என்ற விதி 1972இல்தான் நடுவண் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்விதி, சட்டம் வருமுன் செய்த பணிக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. ரிச்மண்ட் பள்ளிகள் தொடர்பான பிராட்லி வழக்கான அதை நடத்தியவர்கள் இந்நிறுவனத்தின் வழிவந்தவர்களே.

பிற்காலம்

ராபின்சன் 1960இல் ஹவார்ட் சட்டப் பள்ளி முதல்வரானார். 1966இல் கொலம்பியா வட்டார நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகப் பொறுப்பேற்று, 1981 முதல் 1986 வரை அதன் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். ஹில் 1961 முதல் சில ஆண்டுகள் நடுவண் அரசின் வீட்டுவசதித் துறையில் பணியாற்றித் திரும்பியபின், சாமுவேல் டக்கர், ஹென்றி மார்ஷ் ஆகியோருடன் ஹில், டக்கர் அண்ட் மார்ஷ் என்ற நிறுவனம் செயற்பட்டது. இந்த டக்கர், சட்டப் பள்ளிக்கே செல்லாமல் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயின்று தேர்வில் வென்றவர். 1939இல் அலெக்சாந்திரியா நகரின் பொது நூலகத்தில் கறுப்பின இளைஞர்கள் நடத்திய அமர்வுப் போராட்டத்தை ஒழுங்கு செய்தவரும் அவரே.

டக்கர் முன்னின்று நடத்திய கிரீன் எதிர் நியூ கென்ட் கவுண்டி வழக்கு (1968) பிரவுன் தீர்ப்புக்கு நடைமுறை வலுவைக் கொடுத்தது. அக்கவுண்டியில் இரண்டே பள்ளிகள். எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம் என்று மாணவருக்குக் கூறியதுடன் தன் கடமை முடிந்தது என்றது வாரியம். மூன்றாண்டுகளில் ஒரு வெள்ளையின மாணவர்கூடக் கறுப்பினப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பின மாணவரில் 85 விழுக்காட்டினர் பழைய பள்ளியிலேயே இருந்தனர். உடனடியாகப் பலன் தரும் திட்டம் வேண்டும், இரட்டை முறையை வேரோடு நீக்குவது வாரியத்தின் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் கூறியது.

மார்ஷ் 1977இல் ரிச்மண்டின் முதல் கறுப்பின மேயரானார். ஹில்லுக்கு 1999இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது. முதுமையில் கண்பார்வையை இழந்த அவர், 2007 ஆகஸ்டு 5 அன்று தம் 100ஆம் வயதில் காலமானார். 2008இல் ரிச்மண்டின் சட்டமன்ற வளாகத்தில் திறக்கப்பட்ட குடிமை உரிமை நினைவகத்தில் ஹில், ராபின்சன், பார்பரா ஜோன்ஸ் ஆகியோரின் உருவங்கள் இடம்பெற்றுள்ளன. அந்நகரின் நடுவண் நீதிமன்றக் கட்டடம் ராபின்சனின் பெயரையும், ரிச்மண்ட் பள்ளி வழக்கை விசாரித்த நீதிபதி ராபர்ட் மெர்ஹிஜின் பெயரையும் தாங்கி நிற்கிறது. பழைய மோட்டன் பள்ளிக் கட்டடம் தற்போது அருங்காட்சியகமாக உள்ளது.